குளவியைக் கண்டால் விளக்குமாற்றை எடுப்பதற்கு முன்: மொரிஷியஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொரிஷியஸில் யாரிடமாவது குளவி என்று பேச்சை எடுத்துப் பாருங்கள், உடனே இங்கே பேசும் கிரியோல் மொழியில் மூஸ் ஜோன், அதாவது மஞ்சள் குளவி, என்பார்கள், கூடவே அது எங்கே எப்போது கொட்டியது என்ற கதையும் வரும். கரும்பில் சோகை உரிக்கப் போனவருக்கு ஒரு கதை, லிச்சி மரம் ஏறிய பையனுக்கு ஒரு கதை, வேலிச் செடியை வெட்டப் போனவருக்கு ஒரு கதை. என் கதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. குழாயைத் திருகத் தொட்டிக்கு அடியில் கையை விட்டேன், மூன்று இடத்தில் கொட்டியது, கை இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலமே கூட்டைக் கொளுத்திவிட்டோம். அடுத்த மழைக்குப் பிறகு தோட்டத்தில் இலையைத் தின்னும் புழு பெருகியது. குளவி போனதால்தான் புழு வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஒரு கூட்டை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அன்றிலிருந்துதான் குளவிகளை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கத் தெரிந்தது இதுதான்: நம் வீட்டைச் சுற்றிப் பறக்கும் குளவிகளில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, அவற்றுக்கு நம்மோடு எந்த வழக்கும் இல்லை. ஒன்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடிக்கிறோம்.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம். குளவி வேறு, குழவி வேறு. குழவி என்றால் கைக்குழந்தை, அம்மியில் உருட்டும் கல்லும் அதுதான். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

முதல் படி: இது குளவிதானா?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைபேசி, ஒரு சின்ன நோட்டு, பத்து நிமிடப் பொறுமை. இவை போதும்.

தேனீயின் உடம்பில் ரோமம் உண்டு, முதுகில் மாவு தூவியதுபோல மகரந்தம் ஒட்டியிருக்கும், பின்னங்காலில் மஞ்சள் உருண்டையைச் சுமந்துகொண்டு வரும். குளவியின் உடம்பு வழவழப்பானது, எண்ணெய் தேய்த்ததுபோல மின்னும், இடுப்பு ஒடுங்கி இருக்கும், சிலவற்றில் அந்த இடுப்பு நூல் மாதிரி நீண்டுவிடும். அப்புறம் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு குளவி வேஷத்தில் வரும் ஈக்கள் இருக்கின்றன, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று சட்டென்று பக்கவாட்டில் பாயும். அவற்றுக்கு ஒரே ஜோடி இறக்கை, கண்கள் தலையையே மூடியதுபோலப் பெரிதாக இருக்கும், கொட்டவே கொட்டாது. குளவிக்கு இரண்டு ஜோடி இறக்கை. பறக்கும்போது இது தெரியாது, ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கிரியோலில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல், ஏனென்றால் மூஸ் என்ற ஒரே சொல்லுக்குள் ஈ, தேனீ, குளவி மூன்றும் அடங்கிவிடுகின்றன. தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இது நல்ல சாக்கு.

இரண்டாம் படி: வீட்டைப் பாருங்கள்

நிறத்தை வைத்துக் குளவியை அடையாளம் காண முயன்றால் தலை சுற்றும். உலகத்தில் பெயரிட்ட குளவி இனங்களே ஒரு லட்சத்துக்கு மேல். அதனால் நான் புதிதாக வருபவர்களிடம் சொல்வது, குளவியை விடுங்கள், அதன் கூட்டைப் பாருங்கள். கூடு எதனால் ஆனது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

*காகிதக் கூடு.* வராந்தாவின் கூரைக்கு அடியிலோ, ஜன்னல் மேல்தட்டிலோ, கொய்யாக் கிளையிலோ, சாம்பல் நிறத்தில் கவிழ்த்து வைத்த குடைபோல ஒரு கூடு, அறுகோண அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கும், மேலே உறை எதுவும் கிடையாது, ஒரே ஒரு காம்பில் தொங்கும். இதுதான் மூஸ் ஜோன். அறிவியல் பெயர் போலிஸ்டெஸ் ஒலிவேசியஸ். நீளம் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர், மஞ்சள் உடம்பு, பழுப்புக் கோடுகள், பறக்கும்போது நீண்ட கால்கள் பின்னால் தொங்கிக்கொண்டே போகும். பழைய வேலிக்கம்பிலும் காய்ந்த தண்டிலும் உட்கார்ந்து மர நாரைச் சுரண்டும், அதை எச்சிலோடு மென்று கூழாக்கிக் கூடு கட்டும். காது கொடுத்தால் அந்தச் சுரண்டல் சத்தமே கேட்கும். காம்பின் மேல் ஒரு சுரப்பைத் தடவி வைக்கும், எறும்பு அந்த வழியாக இறங்காமல் இருக்க. கூடு ஏன் ஒற்றைக் காம்பில் தொங்குகிறது என்று இப்போது புரிந்திருக்கும், காவல் காக்க ஒரே வாசல் இருந்தால் போதுமே.

*மண் கூடு.* சுவர் மூலையில், சாமி படத்துக்குப் பின்னால், புடவை தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் பூசிவைத்த ஈரமண். இவை தனிக் குளவிகள், கிரியோலில் மூஸ் மாசோன், அதாவது கொத்தனார். நூல்போன்ற இடுப்பு, கறுப்பும் மஞ்சளுமான கால்கள். தோட்டத்துக் குழாயடியில் ஈரமண்ணை உருட்டும்போது ரீங்காரம் போடும். கூடு வரிசையான குழாய்களாக இருந்தால் உள்ளே சிலந்திகள் இருக்கும். கழுத்து வைத்த குட்டிப் பானைபோல இருந்தால் உள்ளே பச்சைப் புழுக்கள் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்று பாட்டிமார் சொல்லி, அதைக் கலைக்க விட மாட்டார்கள். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பேச்சும் நம்மிடம் உண்டு, குரு சீடனைத் தன்னைப்போலவே ஆக்குவதற்கு இதை உவமையாகச் சொல்வார்கள். யோசித்தால், அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்: மண் கூட்டுக்குள் புழு போகிறது, வாசல் அடைபடுகிறது, சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருகிறது. நடுவில் நடப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. தாய்க் குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்கிறது, ஆனால் கொல்வதில்லை, கொன்றால் அழுகிவிடும். அதன்மேல் ஒரு முட்டையை வைத்து அறையை மூடிவிட்டு அடுத்த அறையைக் கட்டப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அதுதான் கெடாத சோறு. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு சிலந்திகள் வரை நான் எண்ணியிருக்கிறேன்.

அறையின் மேல் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, அந்தக் கூட்டை நீங்கள் உடைத்துப் பார்க்கலாம். ஓட்டை இல்லையென்றால் உள்ளே பிள்ளை இருக்கிறது. இந்தத் தாய் கூட்டைக் காக்கச் சண்டைக்கு வராது, கையால் பிடித்து அழுத்தினால்தான் கொட்டும். பாட்டி சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும் அதைக் கலைக்காதே என்றது சரி.

*கூடே கட்டாதவை.* மண்ணில் வளை தோண்டுபவை, வெண்புழுவைத் தேடி மண்ணுக்குள் இறங்குபவை, இன்னொரு பூச்சியின் உடம்பையே வீடாக்கிக்கொள்பவை. எண்ணிக்கையில் இவைதான் அதிகம், நாம் கவனிப்பதோ மிகக் குறைவு.

மூன்றாம் படி: என்ன தூக்கிக்கொண்டு போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குளவிக்குத் தன் வயிற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் இனிப்புதான், பூந்தேன், பழச்சாறு, இப்படி. இறைச்சி எல்லாம் பிள்ளைகளுக்கு. மூஸ் ஜோன் ஒரு புழுவைப் பிடித்தால் அங்கேயே உட்கார்ந்து மென்று பச்சை உருண்டையாக்கி எடுத்துப் போகும், கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்குப் பங்கிடும், குஞ்சுகள் பதிலுக்கு இனிப்பான எச்சில்துளியைக் கொடுக்கும், பெரியவை அதைக் குடிக்கும். காலையில் ஒரு கூட்டை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து அரைமணி நேரம் பாருங்கள், எத்தனை உருண்டை வந்தது என்று நோட்டில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோடும் உங்கள் கத்தரியிலோ முட்டைக்கோஸிலோ இருந்திருக்கக்கூடிய ஒரு புழு.

சமையலறைக்குள் வாருங்கள். சுவரில் கறுப்பாக, சிலந்திபோல ஒன்று நடக்கும், சின்ன வயிற்றுப் பகுதியைக் கொடிபோல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். இவேனியா அப்பெண்டிகாஸ்டர் என்ற குளவி அது. அது தேடுவது காங்க்ரெலாவின், அதாவது கரப்பானின், முட்டைப்பையை. ஒரு பைக்குள் ஒரு முட்டை போடும், அதில் பிறக்கும் குஞ்சு பைக்குள் இருக்கும் கரப்பான் முட்டைகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வளரும். நம்மைக் கொட்டாது. இதைப் பார்த்து மருந்தடிப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான் வரும், கரப்பானை ஒழிக்கச் சம்பளம் கேட்காமல் வந்த ஆள் அது. அது அடிக்கடி கண்ணில் பட்டால் வீட்டில் கரப்பான் அதிகம் என்று அர்த்தம், குப்பைத்தொட்டியையும் கழிவுநீர்க் குழியையும் பாருங்கள்.

அதைவிட அழகானது மரகதக் குளவி, ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. நீலப்பச்சை உலோகத்தில் வார்த்ததுபோல உடம்பு, நடு, பின் கால்களின் தொடை மட்டும் சிவப்பு. தன்னைவிடப் பெரிய கரப்பானை முதலில் மார்பில் கொட்டும், முன்னங்கால்கள் சில நிமிடம் ஓய்ந்துபோகும். அந்த நேரத்தில் இரண்டாவது கொட்டு, குறி பார்த்துத் தலைக்குள், மூளையில். கரப்பான் சாகாது, கால்களும் பிறகு வேலை செய்யும், ஆனால் தானாக எங்கும் போக வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வராது. குளவி அதன் மீசையைப் பாதி கடித்துவிட்டு, மிச்ச மீசையைப் பிடித்து, கன்றுக்குட்டியைக் கயிற்றில் கூட்டிப் போவதுபோல வளைக்குக் கூட்டிப் போகும். காலில் ஒரு முட்டை, வாசலில் சிறு கற்கள். ஆறு வாரம்போல ஆனதும் உள்ளிருந்து புதிய குளவி வரும். இந்தத் தீவுகளில் வேலை பார்த்த கொசிஞி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைக் கவனித்துப் பாரிஸில் இருந்த பூச்சி ஆய்வாளர் ரெயோமூருக்கு எழுதினார், ரெயோமூர் 1742இல் வெளிவந்த பூச்சிகள் பற்றிய தன் தொகுதியில் அதைச் சேர்த்தார். அன்று ஒருவர் நின்று பார்த்த அதே காட்சியை நாமும் நம் வீட்டுச் சுவரோரத்தில் பார்க்கலாம்.

இலைகளையும் புரட்டுங்கள். ஒரு புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசிமணி மாதிரி வெள்ளைக் கூடுகள் கும்பலாக ஒட்டியிருந்தால் அதை நசுக்காதீர்கள், அவை புழுவின் முட்டை அல்ல, புழுவைத் தின்றுவிட்டு வெளிவந்த குட்டிக் குளவிகளின் கூடு. கரும்புத் தண்டைத் துளைக்கும் புழுவை இப்படித்தான் கோட்டேசியா ஃபிளேவிப்பெஸ் என்ற குளவி உள்ளே போய்ப் பிடிக்கிறது. பக்கத்து ரீயூனியனில் இதைவிடச் சின்னது, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத டிரைக்கோகிராமாவை, அதே துளைப்பானின் முட்டைகளுக்கு எதிராகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

கரும்புக்கும் குளவிக்கும் உள்ள உறவு

இது படியில் சேராது, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. 1911இல் வடக்கே பாம்ப்ளமூஸ் பக்கத்துக் கரும்பில் ஒரு வெண்புழுவைக் கண்டுபிடித்தார்கள், வேரைத் தின்று கரும்பைக் காயவைத்தது. பார்படோஸிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த ஒரு வண்டின் புழு அது. வண்டுகளை ஆட்களை வைத்துக் கையால் பொறுக்கினார்கள், பொறுக்கிய கைகளில் நம் முன்னோர் கைகளும் இருந்திருக்கும். பொறுக்கி முடியவில்லை. அந்த வண்டின் சொந்த ஊரில் அதைக் கட்டுப்படுத்துவது எது என்று தேடிப் போய், 1915ஐ ஒட்டி டிஃபியா பாரலெலா என்ற குளவியை பார்படோஸிலிருந்தே கொண்டுவந்து விட்டார்கள். பெண் குளவி மண்ணுக்குள் இறங்கி வெண்புழுவைக் கொட்டி அதன்மேல் முட்டை வைக்கும். அது நிலைத்தது, பலனும் கொடுத்தது. 1917இல் மடகாஸ்கரிலிருந்து ஸ்கோலியா ஒரிக்டோஃபாகா என்ற இன்னொரு பெரிய குளவியும் வந்தது, கரும்பைத் தாக்கும் கொம்பு வண்டுக்காக.

இதில் ஒரு சிக்கல் பிறகு வந்தது. எர்ப் கோந்தே என்ற களைச்செடி தீவெங்கும் காடாகப் பரவியபோது அதை ஒழிக்க நினைத்தார்கள், ஆனால் டிஃபியா குளவி அந்தப் பூவில்தானே தேன் குடிக்கிறது, செடியை அழித்தால் குளவி போய்விடுமே, வெண்புழு திரும்பிவிடுமே என்று கவலைப்பட்டார்கள். ஒரு களைச்செடிக்கும் கரும்புக்கும் நடுவில் ஒரு குளவி நின்றது. 1940களின் கடைசியில் களையை ஒடுக்கினார்கள். அதற்கு டிரினிடாடிலிருந்து வந்த ஒரு இலைவண்டும், அந்தச் செடியின் விதைக்குள் வளரும் ஒரு சின்னஞ்சிறு குளவியும் உதவின. நான் இதிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டது: புழு தின்னும் குளவி வேண்டுமென்றால் அதற்குப் பூவும் வேண்டும். கொஞ்சம் கொத்தமல்லியையும் சோம்பையும் பறிக்காமல் பூக்க விடுங்கள், துளசி இருந்தால் அதுவும் நல்லது.

நான்காம் படி: கொட்டு வாங்காமல் இருப்பது

நீங்கள் உண்மையாகக் கவனமாக இருக்க வேண்டியது காகிதக் கூட்டில். அங்கே குடும்பமே இருக்கிறது, காப்பாற்றப் பிள்ளைகள் இருக்கின்றன. பெண் குளவிகள் மட்டும்தான் கொட்டும், ஆண்களுக்குக் கொடுக்கு கிடையாது. தேனீ மனிதரைக் கொட்டினால் கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுச் சாகும், குளவி அப்படி இல்லை, மறுபடி மறுபடி கொட்ட முடியும்.

அது முன்னறிவிப்புக் கொடுக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. கூட்டின் மேல் இருப்பவை எல்லாம் உங்கள் பக்கம் திரும்பி, இறக்கையைத் தூக்கி, உடம்பை உயர்த்தினால், அந்த இடத்திலேயே நின்று மெதுவாகப் பின்வாங்குங்கள். கையை வீசாதீர்கள். கூட்டுக்கு நேர் எதிரே, அவை பறந்து வந்துபோகும் வழியில் நிற்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். அதிர்வுதான் அவற்றை அதிகம் கிளப்பும், அதனால் வேலிச்செடி வெட்டும் முன்பும், புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பும் முன்பும், லிச்சி பறிக்க ஏறும் முன்பும், ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒரே இடத்துக்குள் குளவிகள் போவதும் வருவதுமாக இருந்தால் அங்கே கூடு இருக்கிறது. இந்த ஐந்து நிமிடத்தை அன்று தொட்டியடியில் நான் செலவழித்திருந்தால் கை வீங்கியிருக்காது. காவடிக்கு முன் கோயில் மண்டபத்தையும் பந்தல் போடும் இடத்தையும் இப்படிப் பார்த்துவைப்பது நல்லது, அவ்வளவு கூட்டத்தில், வெறும் காலோடு, ஓட இடமிருக்காது.

கொட்டிவிட்டால் முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள், ஒன்று கொட்டியபோது வரும் வாசனை மற்றவற்றையும் கூப்பிடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், கையில் கொட்டியிருந்தால் மோதிரம் வளையலை உடனே கழற்றுங்கள். சுண்ணாம்பு தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், தோல் வெந்துபோகலாம். அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டால் ஒவ்வாமை மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் உடம்பெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இழுப்பு, வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும், வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும், நிறைய இடங்களில் கொட்டியிருந்தாலும், வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் போக்காமல் 114க்கு அழையுங்கள். மயக்கம் வருபவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வையுங்கள்.

ஐந்தாம் படி: வைப்பதா, எடுப்பதா?

மண் கூடு என்றால் வைத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். காகிதக் கூடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உயரமான மரக்கிளையிலோ யாரும் போகாத மூலையிலோ இருந்தால் விட்டுவிடுங்கள், தோட்டத்துக்கு நல்லது. வாசல் கதவிலோ, பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ, ஒவ்வாமை உள்ளவர் வீட்டிலோ என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். நாலைந்து அறை, ஒரே ஒரு குளவி என்று கூடு தொடங்கும்போதே கண்டுபிடித்தால், அது வெளியே போன நேரம் நீளக் கம்பால் தட்டிவிடலாம், அது வேறு இடம் தேடிப் போகும். அதனால் வெயில்காலம் தொடங்கும்போது வாரம் ஒருமுறை கூரையடி, மீட்டர் பெட்டி, ஜன்னல் கதவின் பின்புறம், தொட்டியடி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பெரிய கூட்டுக்கு அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்த வேண்டாம், நாங்கள் செய்த தப்பு அது, தொட்டியின் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து உருகியது.

கூட்டைப் புகைபோட்டு இறக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைக் குஞ்சுகளை எண்ணெயில் பொரித்துத் தின்பவர்களும் இங்கே உண்டு, ரீயூனியனில் அது விலை உயர்ந்த பண்டம். அந்த ருசி தெரிந்தவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், காட்டுப்பக்கத்துக் கூடுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் இறக்காமல், சிலவற்றை விட்டுவையுங்கள் என்று மட்டும் கேட்பேன்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, நேரம், இடம், கூடு எதனால் ஆனது, குளவி என்ன தூக்கி வந்தது. இந்த ஐந்தும் போதும், பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் இருந்தால் பிறகு தெரிந்துகொள்ளலாம். இப்போது எங்கள் சாமி அறையில், முருகன் படத்துக்குப் பின்னால் மூடிய அறைகள் நான்கு இருக்கின்றன, இன்னும் ஒன்றிலும் ஓட்டை விழவில்லை. படத்தைத் துடைக்கும்போது நகர்த்தாமல் துடைக்கிறோம்.